ஆர்க்டிக்கின் மிக உயர்ந்த சிகரம் எது? குன்பியோர்ன் மலையும் இருமுறை மாறிய விடையும்

கேள்வி

கிழக்கு கிரீன்லாந்தில், வட அட்சம் 68°55′-இல், வாட்கின்ஸ் மலைத்தொடரின் நடுவே குன்பியோர்ன் மலை இருக்கிறது. உயரம் 3,694 மீட்டர். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள மலைகளில் இதுவே மிக உயர்ந்தது என்று இன்றைய அட்லஸ்கள் எல்லாம் சொல்கின்றன. மனிதர் முதன்முதலாக அதன் உச்சியில் கால்வைத்த நாள் 1935 ஆகஸ்ட் 16. அதற்குப் பிறகு மூன்றரைப் பத்தாண்டுகள் அந்த உச்சியை யாரும் எட்டவில்லை. இரண்டாவது ஏற்றம் 1971-இல்தான் நடந்தது.

மலையேற்ற இதழ்கள் இந்த வரலாற்றை நேர்கோட்டில் சொல்லிவிடுகின்றன: ஒரு மலை மறைந்து கிடந்தது, துணிந்தவர்கள் கண்டார்கள், ஏறினார்கள். இந்தக் கதைப்போக்கு எனக்கு ஐயத்தைத் தருகிறது. 1870 முதல் 1929 வரை 'ஆர்க்டிக்கின் உச்சி' என்று நம்பப்பட்டது வேறொரு மலை. அதற்குப் பின் சில ஆண்டுகள் அந்த இடத்தில் இன்னொரு மலை இருந்தது. மலைகள் எதுவும் இடம் மாறவில்லை. விடை மட்டும் மாறியது. அது ஏன் மாறியது, இப்போதைய விடை எவ்வளவு உறுதியானது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. 'அரிதாக ஏறப்படும் மலை' என்ற அதன் புகழுக்குக் காரணம் மலையா, மலைக்குப் போகும் வழியா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

கரையிலிருந்து பார்த்தால்

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையை நெருங்குவது பல நூற்றாண்டுகளாகக் கப்பல்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. வட துருவக் கடலின் மிதவைப் பனியைக் கிழக்கு கிரீன்லாந்து நீரோட்டம் தெற்கு நோக்கி இழுத்து வந்து கரையோரம் குவிக்கிறது. கோடையின் கடைசியில் சில வாரங்களே வழி திறக்கும். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. குன்பியோர்ன் மலைக்கு நேர் எதிரே உள்ள கரைக்குப் பிளோஸ்வில் கரை என்று பெயர். ஜூல் த பிளோஸ்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1833-இல் அதைத் தொலைவிலிருந்து கண்டார். அதே ஆண்டு அவரும் அவருடைய 'லா லிலுவாஸ்' கப்பலும் மாலுமிகளோடு காணாமற்போனார்கள். கரைக்கு அவர் பெயர் நின்றது. 1900-இல் டென்மார்க்கின் ஆம்ட்ரூப் சிறு படகில் இந்தக் கரையை ஒட்டித் தெற்கே வந்து வரைபடம் வரைந்தார்.

அவ்வளவு அருகே வந்தவர்களுக்கும் உள்ளே ஆர்க்டிக்கின் உச்சி இருப்பது தெரியாமல் போனது எப்படி? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். படகில் இருப்பவருக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஆயிரம் மீட்டர் உயரக் கரைமலை ஒன்று நின்றால், அதன் முகடு அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 11 பாகையில் தெரியும். எண்பது கிலோமீட்டர் உள்ளே நிற்கும் 3,700 மீட்டர் மலை, பூமியின் வளைவையும் கழித்தால், 2.3 பாகை உயரத்துக்கே எழும். கரைமலை அதை முழுக்க மறைத்துவிடும். படகை விலக்கிக் கடலுக்குள் போனால் கரைமலை தாழும். உள்மலையும் கூடவே தாழும், இடையில் மூடுபனி வேறு. கரையை வரைபடமாக்க வந்தவர் கண்ணுக்கு உயரம் என்பது கரையோரத்து உயரம்தான்.

அந்தக் கரை ஆளில்லாக் கரையும் அல்ல. ஆம்ட்ரூப் நுவாலிக் என்ற இடத்தில் இறங்கியபோது, குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் இறந்து கிடந்த ஒரு வீட்டைக் கண்டார். அவர்களுடைய கருவிகளும் உடைமைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. தெற்கே அம்மசாலிக் மக்களிடம் நிலத்தைப் பற்றிய நுட்பமான அறிவு இருந்தது. டேனிஷ் ஆய்வுப்பயணி குஸ்தாவ் ஹோல்ம் 1884-85-இல் அங்கு தங்கியபோது குனிட் என்பவர் மரத்தில் செதுக்கிய வரைபடங்களை அவரிடம் கொடுத்தார். ஒரு மரத்துண்டின் விளிம்பில் கரையின் ஒவ்வொரு வளைவும் கழியும் முனையும் வெட்டப்பட்டிருக்கும். கட்டைவிரலை விளிம்போடு நகர்த்தினால் கரை கையில் தட்டுப்படும். பனி அடைத்தால் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டிய இடமும் அதில் உண்டு. சீலும் மீனும் கரடியும் கிடைப்பது கரையில்தான். உள்நாட்டுப் பனியில் உண்ண எதுவும் கிடைக்காது. பிழைப்புக்குத் தேவையானதை அந்த மரம் மிச்சமின்றிச் சொல்கிறது. 'மிக உயர்ந்தது எது' என்ற கேள்வி வேறோர் உலகத்திலிருந்து வந்த கேள்வி. அதற்கு அந்த மரத்தில் விடை தேடி, இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

முதல் விடை: பீட்டர்மன் சிகரம்

அந்த வேறோர் உலகம் 1870-இல் வந்து சேர்ந்தது. இரண்டாம் ஜெர்மன் வடதுருவப் பயணத்தின் 'கெர்மானியா' கப்பல் குளிர்காலத்தைச் சபீன் தீவில் கழித்துவிட்டு, அந்த ஆகஸ்டில் ஒரு பெரிய ஃபியார்டைக் கண்டுபிடித்தது. ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப்பின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதன் கரையில் ஒரு மலையில் ஏறிய யூலியஸ் பேயரும் ரால்ஃப் கோப்லண்டும் மேற்கே பனிக்கு மேல் தனித்தெழுந்த கூம்பு ஒன்றைப் பார்த்தார்கள். பேயர் ஆஸ்திரியப் படை அதிகாரி. கோப்லண்ட் பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் அரச வானியலாளரானவர். அளக்கத் தெரியாதவர்கள் என்று இருவரில் எவரையும் சொல்ல முடியாது. இருந்தும் அவர்களுடைய மதிப்பீடு மூவாயிரம் மீட்டரைத் தாராளமாகத் தாண்டியது. அந்தச் சிகரத்துக்கு ஆகஸ்ட் பீட்டர்மன் பெயர் கிடைத்தது. கோத்தா நகரில் உட்கார்ந்து உலக வரைபடங்கள் வெளியிட்ட நிலவரையியலாளர் அவர். இந்தப் பயணம் நடக்கக் காரணமாக இருந்தவரும் அவரே.

அறுபது ஆண்டுக்காலம் இந்தச் சிகரமே ஆர்க்டிக்கின் உச்சியாக எண்ணப்பட்டது. ஷாக்கில்டனின் 'என்டியூரன்ஸ்' கப்பலில் நிலவியலாளராகப் போன ஜேம்ஸ் வோர்டி 1926-இல் அதை அடைய முயன்று முடியாமல் திரும்பினார். 1929-இல் மறுபடி போய் ஏறிவிட்டார். உச்சியில் நின்று அளந்தபோது அது மூவாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் அகஸ்டீன் கோர்ட்டோல்ட் என்பவரின் பெயர் இந்தக் கதையில் திரும்பவும் வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது பேயரின் பிழையின் அளவு அல்ல, அது வாழ்ந்த காலம். ஒரே ஒரு திசையிலிருந்து, ஒரே ஒரு நாளில், தொலைவே சரியாகத் தெரியாத ஒரு மலையைப் பார்த்துச் சொன்ன எண் அது. மறுக்க வேண்டுமானால் அங்கே போக வேண்டும். போவதற்குக் கப்பலும் பணமும் பனி விலகும் கோடையும் வேண்டும். மறுப்பவர் வராததால் ஊகம் உண்மை போல் அச்சில் தொடர்ந்தது. எட்டாத இடங்களைப் பற்றிய புவியியல் எண்களை வாசிக்கும்போது இந்த வகைப் பிழையை எதிர்பார்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாம் விடை: ஃபோரெல்

பீட்டர்மன் இறங்கிய இடத்தில் ஃபோரெல் ஏறியது. 1912-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் த கெர்வெயின் கிரீன்லாந்துப் பனிப்பரப்பை மேற்குக் கரையிலிருந்து குறுக்கே கடந்து அம்மசாலிக் பக்கம் இறங்கியபோது இந்த மலையைக் கண்டார். ஏரி ஆய்வியலுக்கு அடித்தளமிட்ட சுவிஸ் அறிஞர் ஃபிரான்சுவா-அல்ஃபோன்ஸ் ஃபோரெலின் பெயரை வைத்தார். உயரம் 3,300 மீட்டருக்கு மேல். அது ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருப்பது ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான்.

'ஆர்க்டிக்கின் உயர்ந்த மலை' என்ற பட்டம் ஒரு கோட்டை நம்பி இருக்கிறது என்பதை ஃபோரெலின் இருப்பிடம் காட்டிவிடுகிறது. அலாஸ்காவின் டெனாலி 6,190 மீட்டர். ஆனால் அது 63-ஆம் அட்சத்தில் இருப்பதால் கணக்கில் வராது. அந்தக் கோடும் நிலையாக நிற்பதில்லை. பூமியின் அச்சுச் சாய்வு மெல்ல மாறுவதால் ஆர்க்டிக் வட்டம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ பதினைந்து மீட்டர் வடக்கே நகர்கிறது. குன்பியோர்னுக்கு அதனால் ஆபத்தில்லை. கோட்டுக்கு வெகுவாக வடக்கே இருக்கிறது.

1931-இல் பிரிட்டிஷ் குழு ஒன்றைச் சேர்ந்த மூவர் ஃபோரெலின் உச்சியை நோக்கி ஏறினார்கள். லாரன்ஸ் வேகர், ஸ்டீஃபன்சன், பிங்கம் என்ற அந்த மூவரையும் மேலே பனிக்கட்டிக் கவிகை தடுத்தது. உச்சியைத் தொடாமல் திரும்பினார்கள். 1938-இல் ஆந்த்ரே ரோஷ் இருந்த சுவிஸ் குழு அதில் ஏறியபோது அந்தப் பட்டம் அதனிடம் இல்லை.

மூன்றாம் விடை: விமானம் காட்டியது

ஃபோரெலில் ஏற முயன்ற அந்த மூவரும் ஜினோ வாட்கின்ஸ் தலைமையிலான 'பிரிட்டிஷ் ஆர்க்டிக் வான்வழிப் பயண'த்தின் உறுப்பினர்கள். பிரிட்டனிலிருந்து கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்கு விமானம் விட முடியுமா என்று ஆராய 1930-இல் பதினான்கு பேர் கிளம்பினார்கள். தலைவருக்கு வயது 23. ஷாக்கில்டனின் கடைசிக் கப்பலான 'குவெஸ்ட்'டையே எடுத்துப் போனார்கள். கூடவே இரண்டு ஜிப்சி மாத் விமானங்கள்: இருவர் மட்டும் உட்காரக்கூடிய, மேற்கூரையில்லாத சிறு விமானங்கள். அவற்றில் ஒன்று காங்கர்லுசுவாக் ஃபியார்டுப் பக்கம் பறந்தபோது, உள்நாட்டில் யாரும் குறிக்காத பெரிய மலைத்தொடர் ஒன்று தென்பட்டது. கரைமலைக்கு மேலே கண்ணைத் தூக்கியதும் நூறாண்டு மறைப்பு ஒரே பறப்பில் விலகிவிட்டது.

வாட்கின்ஸ் இதை நிறுவும் வரை உயிரோடு இல்லை. 1932 ஆகஸ்டில் கிழக்கு கிரீன்லாந்திலேயே கயாக்கில் தனியே வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கிடைத்தது. மலைத்தொடருக்கு அவர் பெயர் வந்தது.

கண்டது போதாது, அளக்க வேண்டும். 1934-இல் மார்ட்டின் லிண்ட்சே, ஆண்ட்ரூ குரோஃப்ட், டேனியல் காட்ஃபிரே மூவரும் நாய்வண்டிகளோடு மேற்குக் கரையிலிருந்து பனிப்பரப்பைக் கடந்தார்கள். பின்பு மலைத்தொடர்களின் உட்புறமாகத் தெற்கே திரும்பி அம்மசாலிக் சேர்ந்தார்கள். மொத்தம் 1,600 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பயணத்தில் அவர்கள் வாட்கின்ஸ் மலைகளை முதுகுப்பக்கத்திலிருந்து அளந்தார்கள். கடலிலிருந்து பார்த்தவர்களுக்குக் கிடைக்காத திறந்த பார்வை பனிப்பரப்பின் மேலிருந்து கிடைத்தது.

மூன்று விடைகளுக்கும் உள்ள தொடர்பு இதில் தெளிகிறது. ஃபியார்டின் கரையிலிருந்து பார்த்தபோது பீட்டர்மன் உயர்ந்தது. பனியைக் குறுக்கே நடந்தவருக்கு ஃபோரெல் உயர்ந்தது. விமானமும் நெடும் பனிவழியும் சேர்ந்தபோது குன்பியோர்ன் உயர்ந்தது. மலையின் அளவைவிடப் பார்க்கிறவர் நின்ற இடமே ஒவ்வொரு முறையும் விடையைத் தீர்மானித்தது.

1935: ஏறியவர்களும் அவர்களுடைய நோக்கங்களும்

முதலில் ஏறிய ஐவர் பெயரும் பதிவில் உள்ளன: அகஸ்டீன் கோர்ட்டோல்ட், ஜாக் லாங்லண்ட், எபே முங்க், லாரன்ஸ் வேகர், அவருடைய தம்பி ஹெச். ஜி. வேகர். கோர்ட்டோல்ட் 1929-இல் பீட்டர்மன் பயணத்தில் இருந்தவர். 1930-31-இல் பனிப்பரப்பின் நடுவே வானிலைக் கூடாரத்தில் ஐந்து மாதம் தன்னந்தனியாக இருந்தவரும் இவரே. கடைசி வாரங்களில் வாசல் பனியால் மூடிப்போய் வெளியே வர முடியாமல் உள்ளே கிடந்தார். வாட்கின்ஸ் வந்து தேடியபோது பனிக்கு மேல் தெரிந்தவை கிழிந்த கொடியும் காற்றுக்குழாயின் நுனியும்தான். லாங்லண்டும் மூத்த வேகரும் 1933 எவரெஸ்ட் முயற்சியில் இருந்தவர்கள்; வேகர் செயற்கை உயிர்வளியின்றி 8,500 மீட்டருக்கு மேல் போனவர்.

இந்தப் பட்டியலைப் பார்த்து வீரக் கதை என்று முடித்துவிடலாம். முடிக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, வேகருக்கு மலை ஒரு கிளைவேலை. அவர் உயிர் காங்கர்லுசுவாக் கரையில் இருந்த ஸ்கேர்கார்ட் என்ற பாறைத்திரளில் இருந்தது. பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறி, அடுக்கடுக்காகப் படிகமாகி இறுகிய இடம் அது. எரிமலைக் குழம்பு எப்படிப் பிரிந்து வெவ்வேறு பாறைகளாகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மலையேறிய கையோடு வேகர் குழுவினர் அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். 1939-இல் வேகரும் சக ஆய்வாளர் டியரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாறையியல் மாணவர்கள் தொடங்கும் இடம். என் மதிப்பில் 1935 பயணத்தின் உண்மையான பேறு அதுதான், சிகரம் அடுத்தபடி.

மலையும் அதே கதையின் பகுதி. ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்து வடஅட்லாண்டிக் திறந்தபோது கொட்டிய எரிமலைக் குழம்பு, படுகைமேல் படுகையாகப் பசால்ட் பாறையாக உறைந்தது. குன்பியோர்னின் சரிவைப் படத்தில் உற்றுப் பார்த்தால் கிடைக்கோடுகள் தெரியும்: ஒவ்வொரு படுகையின் மேல்திட்டிலும் பனி தங்கியிருக்கும், திட்டுக்கும் திட்டுக்கும் இடையே செங்குத்தாகக் கறுத்த பாறை. ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையுமாக மாறிமாறி உச்சிவரை போகும். கடல் மட்டத்தருகே கொட்டிய குழம்பு இவ்வளவு உயரத்துக்கு எப்படி வந்தது என்பதில் நிலவியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நிலம் பிற்காலத்தில் தனியே எழும்பியது என்பார்கள் ஒரு சாரார். பனியாறுகள் பெரும் ஃபியார்டுகளைக் குடைந்து எடையை நீக்கியதால் மீதி நிலம் மிதந்தெழுந்தது என்பார்கள் மறுசாரார். இரண்டும் சேர்ந்து நடந்திருக்கவும் தடையில்லை.

இரண்டாவது காரணம் அரசியல். 1931 ஜூலையில் நார்வே கிழக்கு கிரீன்லாந்தின் ஒரு பகுதியைத் தனது என்று அறிவித்தது. வழக்கு ஹேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1933 ஏப்ரல் 5-இல் டென்மார்க்குக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அந்த ஆண்டுகளில் டென்மார்க் இந்தக் கரையில் காட்டிய வேகம் தற்செயலானது அல்ல. லவ்கே கோக்கின் மூவாண்டுப் பயணம், நூட் ராஸ்முசனின் ஏழாம் தூலே பயணம், கடல்விமானங்களிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான ஒளிப்படங்கள் எல்லாம் அறிவியலாகவும் இருந்தன, ஆட்சியுரிமையின் சான்றாகவும் இருந்தன. ஐவரில் ஒருவரான முங்க் டேனிஷ் பத்திரிகையாளர். பிரிட்டிஷ் குழுவின் உச்சிப் படத்தில் ஒரு டேனியர் நின்றதை வெறும் நட்பு என்று மட்டும் வாசிப்பது போதாது.

ஆனாலும் எல்லாவற்றையும் ஆதிக்கக் கதையாக மாற்றிவிடுகிற வாசிப்பும் எனக்கு முழுதாக ஒப்புதல் இல்லை. அந்த 1930-களின் ஒளிப்படங்கள் பல பத்தாண்டுகள் ஆவணக்கிடங்கில் கிடந்து, 2012-இல் தென்கிழக்கு கிரீன்லாந்துப் பனியாறுகளின் எண்பதாண்டு ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட உதவின. எந்த நோக்கத்துக்காக எடுத்த படம் என்பதும் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பதும் இரு வேறு கேள்விகள்.

மலையின் பெயரே அந்தக் காலத்து மனநிலையைக் காட்டும். நார்வேயிலிருந்து ஐஸ்லாந்து போகும் வழியில் காற்றடித்து மேற்கே தள்ளப்பட்டு, கிரீன்லாந்துக் கரையோரத் தீவுகளைக் கண்டதாகச் சொல்லப்படும் குன்பியோர்ன் உல்ஃப்சன் என்ற மாலுமியின் பெயர் அது. அவர் இந்த மலையைக் கண்டதற்கு ஆதாரம் கிடையாது.

பதினொரு மீட்டர் வித்தியாசம்

இன்றைய விடை எவ்வளவு உறுதி? குன்பியோர்னுக்குப் பக்கத்திலேயே 'டோம்' என்று மலையேறிகள் அழைக்கும் சிகரம் நிற்கிறது, 3,683 மீட்டர். அடுத்தது 'கோன்', 3,669 மீட்டர். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி 11 மீட்டர்.

பழைய முறையில் இந்த இடைவெளியை நம்ப முடியுமா? அக்காலப் பயணிகள் உயரம் காண ஒரு வழியாக நீரைக் கொதிக்க வைத்தார்கள். 3,700 மீட்டரில் நீர் ஏறத்தாழ 87-88 பாகை செல்சியஸில் கொதிக்கும். வெப்பமானியில் 0.1 பாகை தப்பினால் உயரம் ஏறத்தாழ முப்பது மீட்டர் தப்பும். அனிராய்டு காற்றழுத்தமானியோ, புயல் நெருங்கினால் நின்ற இடத்திலேயே உயரத்தை மாற்றிச் சொல்லும். தியோடலைட் கொண்டு தூரத்திலிருந்து அளந்தால், பனிமேல் படிந்த குளிர்காற்று ஒளியை வளைத்துவிடும். பதினொரு மீட்டர் இவை எல்லாவற்றின் பிழைக்குள்ளும் அடங்கிவிடும் அளவு. வான்படங்களும் பின்னர் செயற்கைக்கோளும் வந்த பிறகே இந்த வரிசைக்கு வலு கிடைத்தது. உச்சியில் படியும் பனி ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது மிகையான ஐயம் அல்ல என்பதற்கு வடக்கிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1935-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பயணத்தைச் சேர்ந்த மூரும், நுகாபிங்குவாக் என்ற இனுக்வித் துணைவரும் ஆக்ஸ்ஃபோர்டு மலையில் ஏறினார்கள். அந்தத் தொடரின் உண்மையான உச்சியான 2,616 மீட்டர் பார்போ சிகரத்தில் ஆள் ஏறியது 1967-இல். அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரிலோ, அமெரிக்க அரசின் இரு வேறு அளவுகளில் அச்சான வரைபடங்களே முதலிடம் எதற்கு என்பதில் முரண்பட்டன. 2014-இல் விமானத்திலிருந்து எடுத்த துல்லியப் படங்களைக் கொண்டு மேட் நோலன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 2,735 மீட்டர் உயர இஸ்டோ மலை முதலிடம் பெற்றது. நெடுநாள் போட்டியிட்ட சேம்பர்லின் மூன்றாமிடத்துக்குப் போனது.

குன்பியோர்ன் இப்படி வீழும் என்று நான் சொல்லவில்லை. செயற்கைக்கோள் காலத்தில் அதைவிட உயர்ந்த மலை ஒளிந்திருக்க இடமில்லை. போட்டி அதே திடலின் மூன்று சிகரங்களுக்குள்தான்; கைவசமுள்ள சான்று குன்பியோர்ன் பக்கமே.

ஏன் அரிது?

'அரிதாக ஏறப்படும்' என்ற அடைமொழியைக் கேட்டதும் செங்குத்துப் பாறையும் சாவும் நினைவுக்கு வரும். இங்கே அது பொருந்தாது. பனியாற்றின் மேல் சறுக்குப் பலகையோடு நடந்து, வெடிப்புகளைக் கயிறு கட்டிக் கடந்து, கடைசியில் ஒரு பனிமுகட்டில் ஏறினால் உச்சி. ஆல்ப்ஸ் மலைகளில் பழகியவருக்கு இது எளிய ஏற்றம். கடினம் எல்லாம் மலையடிக்கு வந்து சேர்வதில் இருக்கிறது. அருகிலுள்ள ஊரான இட்டோகோர்டூர்மீட் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இன்று போகிறவர்கள் பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து பனிச்சறுக்குக் கால் பொருத்திய டுவின் ஆட்டர் விமானத்தில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி, பனியாற்றின் மேலேயே இறங்குகிறார்கள். வானிலை கெட்டால் திரும்பும் விமானத்துக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் கிரீன்லாந்து அரசின் அனுமதியும் மீட்புச் செலவுக்கான காப்பீடும் வேண்டும். 'டோம்' சிகரத்துக்கு கைல்ஸ் கெர்ஷா என்ற துருவ விமானியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்த மலைத்தொடரில் இன்று யார் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே அதன் தனிமை பணத்தாலும் விமானத்தாலும் தளர்ந்துகொண்டிருக்கும் தனிமை. விமானம் இறங்கத் தொடங்கிய பிறகு வழிகாட்டி நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆள் கூட்டிப் போகின்றன. 1935-க்கும் 1971-க்கும் இடையிலான வெறுமை திரும்பி வராது.

புவியியல் நூல் எழுதுவோரிடமும் அட்லஸ் அச்சிடுவோரிடமும் ஒரு கோரிக்கை. ஒரு சிகரத்தின் உயரத்தைத் தரும்போது அதை அளந்த ஆண்டையும் முறையையும் பக்கத்தில் ஒரு வரியில் தாருங்கள். 1870-இல் பீட்டர்மன் சிகரத்துக்கு அப்படி ஒரு வரி உடன் வந்திருந்தால், ஓர் ஊகம் அறுபது ஆண்டு அளவீடாக உலவியிருக்காது.